ஒன்பதாவது பெயர்

ஆகஸ்ட் 16, சனி

காலை ஆறு பாகை, இங்கே ஆகஸ்ட் குளிர்காலம். மூடுபனி. கார்க் கண்ணாடியில் பனிப்படலம், காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டல். ஒன்பது மணிக்கு மைதானம்.

எப்படிப் போய் மாட்டினேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். புதன்கிழமை, வேலை செய்யும் களஞ்சியத்தில், நாலாம் வரிசையில் நின்ற மீனா பெட்டி ஒட்டும் நாடா முடிந்துவிட்டது என்று கத்தினாள். நான் முதலாம் வரிசை. நடக்கப் பஞ்சி, சோம்பல். ஒரு நாடா உருளையை அடுக்குகளுக்கு மேலால் எறிந்தேன். நேரே அவள் கைக்குள். திரும்பினால் டெப். எங்கள் பெண் மேற்பார்வையாளர். பாதுகாப்பு விதி, எச்சரிக்கைக் கடிதம் என்று தொடங்கப்போகிறார் என்று நினைத்தேன். கிட்ட வந்து கேட்டது இதுதான்: "சனிக்கிழமை காலமை என்ன செய்யிறாய்?"

பெண்கள் பேஸ்போல் அணி ஒன்றுக்கு டெப் பயிற்சியாளராம். ஆறு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்கிறேன், தெரியாது. ஏழு பேர்தான் இருக்கிறார்களாம். ஒன்பது பெயர் எழுதிக் கொடுத்தால்தான் கோடைகாலப் போட்டியில் சேர்ப்பார்கள். அதற்கு முந்திய ஆறு வாரம் வசந்தகாலப் பயிற்சி.

எனக்கு நாற்பத்து மூன்று வயது என்றேன். "நான் வயசு கேக்கேல்லை" என்றார்.

இன்று தெரிந்துகொண்டவை:
- கையுறை எறிகிற கைக்கு இல்லை, மற்றக் கைக்கு. நான் வலக்கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி பேசாமல் கழற்றி மாற்றிவிட்டாள்.
- பந்து கல். தையல் சிவப்பு நூல், விரலுக்குப் பிடிமானம்.
- சூரியகாந்தி விதை. கன்னத்தில் அடக்கி, பல்லால் உடைத்து, கோதைத் துப்புகிறார்கள். டொக்டராக வேலை பார்ப்பவளும் துப்புகிறாள்.
- சும்மா நிற்கக் கூடாது. வாய் ஓயாமல் கத்த வேண்டும். என்ன கத்துகிறார்கள் என்று பாதி விளங்கவில்லை. நானும் ஏதோ கத்தினேன்.
- சிவப்பு மண் எங்கும். காரில், காதில்.

என்னைப் போலவே புதிதாக வந்த இன்னொருத்தி, ஜோ. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவளும் நானும் சேர்ந்தால் ஒன்பது.

எல்லாரும் ஒரு கண்ணை வைத்திருப்பது கேற்லின் மேல். இருபத்திரண்டு வயது. ஓடுபவர் மிதிக்க வேண்டிய நாலு மூலைத் தட்டுகள் பேஸ்; இரண்டாம் பேசுக்கும் மூன்றாம் பேசுக்கும் நடுவில் நிற்பவள். உருண்டு வரும் பந்தை அடுப்பிலிருந்து கொள்ளி எடுப்பதுபோலத் தொட்டதும் விட்டுவிடுகிறாள், பார்த்தால் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கிறது. செப்ரெம்பர் 13 மாநில அணிக்கான தெரிவு. போன வருடம் கடைசி நேரத்தில் தவறிவிட்டதாம். பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள்.

டெப் கேட்டார், இதைப்போல முன்பு ஏதாவது ஆடியிருக்கிறாயா என்று. ஊரில், பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லேக்கு ஆங்கிலம் என்ன? மூங்கில் மட்டை, ரெனிஸ் பந்து, ஓட்டம், இவ்வளவையும் எப்படிச் சொல்வது? "நோ" என்றேன். முடிந்தது.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெயில், காற்று. உடம்பு முழுக்க நோவு. இருந்தால் எழும்ப முடியவில்லை. தலை வாரக் கை உயரவில்லை. ஷெரின்தான் பின்னிவிட்டாள். பதினைந்து வயது மகளிடம் தலை பின்னக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

"அம்மா, யூ ஆர் லைக், இன் எ பேஸ்போல் ரீம்?"

"ஓம்."

"வை?"

பின்னல் முடிய எழும்பி வேலைக்கு வெளிக்கிட்டேன்.

வேலையில் டெப் வழமைபோல. சனிக்கிழமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆறாம் வரிசையில் தட்டு உடைந்ததற்கு எல்லோருக்கும் ஏச்சு, எனக்கும். மைதானத்தில் இருப்பவர் வேறு டெப் போல.

பின்னேரம் கணவர் அன்ரனின் விசாரணை. பஸ் ஓட்டுகிற மனிதர், கிரிக்கெட் பைத்தியம். சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு:

"ஓவர் எத்தினை?"

"ஓவர் இல்லை."

"பிறகு எப்பிடி முடியிறது?"

"மூண்டு பேர் அவுட்டானா மற்றப் பக்கம். அப்பிடி ஒன்பது தரம்."

"சமனா வந்தா?"

"ஒராள் வெல்லும்வரைக்கும் விளையாட வேணும்."

"விடிய விடியவோ?"

"தேவையெண்டா."

"அது விளையாட்டில்லை, தண்டனை" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, அடிக்காமலே நின்றால் என்ன ஆகும் என்று கேட்டார்.


ஆகஸ்ட் 21, வியாழன்

மழை. மைதானம் குளம். ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் பயிற்சி. ஒரு ரப்பர்த் தண்டின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார்கள். அசையாமல் இருக்கும் பந்து. ஐந்து தடவை தண்டைத்தான் அடித்தேன்.

பிறகு சைகைகள், ஆட்டத்தில் ஓடு, நில் என்று வாய் திறக்காமல் சொல்வதற்கு. டெப் மூக்கைத் தொடுகிறார், தொப்பி, முழங்கை, இடுப்புப் பட்டி, தொடை, திரும்ப மூக்கு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயன்று குழம்பினேன். கேற்லின் பக்கத்தில் நின்றாள். தைரியம் எடுத்துக் கேட்டேன். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் சும்மா. பட்டியைத் தொட்ட பிறகு முதலாவதா எதைத் தொடுறாவோ, அது மட்டும்தான்."

அப்படியானால் மீதி எல்லாம் பொய். மற்ற அணி பார்த்து ஏமாறட்டும் என்பதற்காக ஒரு பெரிய மனுசி மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிறகு, பேசை நோக்கிச் சறுக்கிப் போகும் பயிற்சி. நிலத்தில் நீளமான பிளாஸ்ரிக் விரிப்பு, அதன்மேல் தண்ணீரும் கோப்பை கழுவும் சவர்க்காரமும். ஓடி வந்து ஒரு காலை மடக்கி விழுந்து சறுக்க வேண்டும். நான் ஓரமாக நின்று மற்றவர்களுக்குத் துவாய் கொடுப்பதாக முடிவு. ஜோ என் கையைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவை பயத்தில் கண்ணை மூடிவிட்டேன். இரண்டாம் தடவை பாதி வழியில் நின்றுவிட்டேன். மூன்றாம் தடவை விரிப்பு முடிந்தும் நிற்காமல் போய்ச் சுவரில் கால் முட்டியது. கேற்லின் கை தட்டினாள். அவள்தான்.

வலது தொடையில் சிராய்ப்பு, உள்ளங்கையளவு. அன்ரனுக்குச் சொல்லவில்லை.

நாளைக்கு: பால், ஷெரினின் பாடசாலைப் படிவம், பெரிய அளவுக் காற்சட்டை ஒன்று.


ஆகஸ்ட் 23, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதத்தான் வேண்டும்.

காலை நல்ல வெயில். டண்டினொங் மலைகள் தெளிவாக. என்னை மூன்றாம் பேசில் விட்டார்கள். கை நல்ல கை, அங்கேயிருந்து நெடுந்தூரம் எறிய வேண்டும், அதனால். பெருமையாக இருந்தது.

ஓட்டப் பயிற்சி. டெப் பந்தை அடிப்பார். இரண்டாம் பேசில் நிற்பவள் என்னை நோக்கி ஓடி வர வேண்டும். யாராவது பந்தை எடுத்து எனக்கு எறிவார்கள். நான் பிடித்து, கையுறைக்குள் பந்தோடு ஓடி வருபவளைத் தொட வேண்டும். நான்கு பேர் ஓடினார்கள். இரண்டு பேரைத் தொட்டேன், இரண்டு பேரை விட்டேன். ஐந்தாவது கேற்லின்.

ஜோ எறிந்த பந்து விலகி வந்தது. நான் பேசை விட்டு நாலைந்து அடி தள்ளி ஓடிப்போய் எடுத்தேன். நிமிர்ந்தால் கேற்லின் பாதி வழி தாண்டிவிட்டாள். எட்டித் தொட முடியாது. எல்லாரும் கத்துகிறார்கள். "கெற் ஹேர், கெற் ஹேர்." அவளை அவுட் ஆக்கு என்று. டெப்பின் குரலும்.

எறிந்தேன்.

எல்லேயில் அப்படித்தான். ஓடுபவரின் உடம்பில் பந்தால் எறிந்தால் அவுட். பதினைந்து, பதினாறு வயதில் மாலை மாலையாகச் செய்த வேலை. யோசிக்கவில்லை. கைதான் செய்தது. முழுப் பலத்தோடு. ஆனால் அது ரெனிஸ் பந்து இல்லை.

அவள் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினாள். வலக்கை. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

கேற்லின் குந்தியிருந்து கையை வயிற்றுக்குள் வைத்து அமத்திக்கொண்டாள். கத்தவில்லை. டெப் ஓடி வந்து என்னைக் கடந்து போனார். போகிற போக்கில், "ஏன் எறிஞ்சாய்? ஆளுக்கு எறியக் கூடாது. ஏன் எறிஞ்சாய்?" என்று கேட்டார். நிலத்தில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நின்றேன்.

காருக்குப் போகும்போது கேற்லின் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்துக்கு நேராகப் பார்த்தது இன்றுதான்.

பி.ப. 3:40. டெப்பின் குறுஞ்செய்தி. மோதிர விரல் எலும்பில் வெடிப்பு. நாலு வாரம் கட்டு. எறிகிற கை.

பதின்மூன்றாம் திகதித் தெரிவுக்கு மூன்று வாரம்தான்.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை. தேவாலயத்தில் சுவாமியாரின் பிரசங்கம் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பிழையை ஒப்புக்கொள்ளலாமா என்று நினைத்தேன். சுவாமியாருக்கு முதலில் பேஸ்போல் விளங்கப்படுத்த வேண்டும்.

இரவுச் சாப்பாட்டோடு அன்ரனுக்கு முழுவதையும் சொன்னேன். சிராய்ப்பையும் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அது எல்லேயில சரியான எறி. கை தட்டியிருப்பாங்கள்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னது. அழுகை வந்துவிட்டது.

"முதல் நாளே நான் எல்லே விளையாடினனான் எண்டு சொல்லியிருந்தா, டெப் ஒருக்கா எண்டாலும் சொல்லித் தந்திருப்பா. 'நோ' எண்டு சொன்னனான். விளங்கப்படுத்தப் பஞ்சிப்பட்டு."

"இதெல்லாம் ஆருக்குத் தெரியும் றெஜி?"

"எனக்குத் தெரியும்."

இனிப் போவதில்லை. டெப்புக்குச் செய்தி எழுதினேன். ஐ ஆம் வெரி சொறி. அழித்தேன். திரும்ப எழுதினேன். நாலு தடவை. அனுப்பவில்லை.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

தூறல். வேலையில் டெப்பின் கண்ணில் படாமல் காலை முழுவதும் எட்டாம் வரிசையில். பத்தரை மணி இடைவேளைக்குத் தேநீர் அறையில் நேரே வந்து முன் கதிரையில் இருந்தார்.

பயிற்சிக்கு இனி வரவில்லை என்றேன். எல்லே பற்றியும் சொன்னேன். இந்த முறை முழுவதும், உடைந்த ஆங்கிலத்தில், மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் ஓட விட்டு. டெப் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"நானும் 'கெற் ஹேர்' எண்டு கத்தினேன். அது என்ரை பிழை. ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு." தேநீரைக் குடித்தார். "பன்னிரண்டாம் திகதி பெயர் குடுக்க வேணும். காயம் எண்டாலும் கேற்லின்ரை பெயரைக் குடுக்கலாம். நீ இல்லையெண்டால் எட்டு. எட்டுக்கு அணி இல்லை. விரல் சுகமாகி அவள் வரேக்குள்ள விளையாட இடம் இருக்காது."

இதை நான் யோசிக்கவேயில்லை. விலகினால் குற்றம் கழியும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தடவையும் அவளுக்கே எறிவதாக முடியும்.

"அப்ப அவள்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் டெப். எழும்பிப் போகும்போது உப்புப் போத்தலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.


ஆகஸ்ட் 27, புதன்

வேலை முடிந்து நேரே த பேசின் என்ற ஊர்ப் பக்கம். கேற்லின் அங்கே செடி விற்கும் இடத்தில் வேலை. மீனா போன வருடம் அந்தப் பக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனதால் வழி தெரியும். அன்ரன் கேக் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போகவில்லை. கேக்கோடு போனால் அவள் நன்றி சொல்ல வேண்டிவரும்.

இடக்கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் செடிகளுக்கு விட்டுக்கொண்டு நின்றாள். வலக்கையில் இரண்டு விரல் சேர்த்துக் கட்டு. என்னைக் கண்டும் குழாயை நிறுத்தவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு எல்லே.

"ஆளுக்கே எறியிறதா?" அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஓம். உடம்புக்கு. தலைக்கு இல்லை."

"நான் தலை எண்டு நினைச்சுத்தான் கையைத் தூக்கினேன்."

"தெரியும்."

"நல்லா விளையாடுவியா?"

"பள்ளிக்கூடத்துக்கு விளையாடினனான். நல்லாத்தான்."

"அது தெரியுது" என்றாள், கட்டைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் ஒரு கிழவர் எலுமிச்சைக் கன்று எங்கே என்று கேட்டு வந்தார். கூட்டிப்போய்க் காட்டி, உரம் எவ்வளவு போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். நான் அசையாமல் அதே இடத்தில். திரும்பி வந்து, முதல் நாள் போலவே வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பரவாயில்லை எண்டு சொல்ல மாட்டேன். பதின்மூன்றாம் திகதி வரைக்கும் எனக்குக் கோபம் இருக்கும். அதுக்குப் பிறகு என்ன எண்டு எனக்கே தெரியாது."

சரி என்றேன்.

"நாளைக்குப் பயிற்சிக்குப் போறியா?"

"போகட்டா?"

"மூண்டாம் பேசில வேற ஆள் இல்லை" என்றாள். குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது. ஒரு சாடி புதினா வாங்கினேன். வீட்டில் ஏற்கனவே இரண்டு.


ஆகஸ்ட் 28, வியாழன்

குளிர், மழை இல்லை. போனேன். எனக்கு எறிந்த பந்துகளெல்லாம் மெதுவாக வந்தன. எனக்கு முன்னால் ஓடியவர்கள் கொஞ்சம் வளைந்து ஓடினார்கள். கவனித்தேன்.

டெப் எனக்குத் தனியாக ஒரே பாடம். பந்தைப் பிடி. கையுறையைப் பேசுக்கு முன்னால் நிலத்தில் வை. காத்திரு. ஓடுபவள் காலை நீட்டிச் சறுக்கி வருவாள், அவளாகவே வந்து பந்தில் படுவாள். நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் தோள் எறியத் துடிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் படுத்திருந்தும் கேள்வி. பிடித்தவுடன் எறி என்று ஒரு ஆட்டம், பிடித்துவிட்டுச் சும்மா இரு என்று இன்னொரு ஆட்டம். எதைக் கண்டுபிடித்தவர்கள் அதிகம் பயந்தவர்கள்? பந்து கல் என்பதால்தான் இந்த விதியா, இந்த விதி இருப்பதால் பந்தைக் கல்லாக்கினார்களா? ஜோவிடம் கேட்க வேண்டும். பள்ளி ஆசிரியை, தெரிந்திருக்கும்.


செப்ரெம்பர் 2, செவ்வாய்

வசந்தம் தொடங்கிவிட்டதாம், நாட்காட்டி சொல்கிறது. மைதான வேலியோரம் மஞ்சள் பூ கொட்டிக் கிடக்கிறது. ஜோ தும்மி முடியவில்லை.

பந்தா விதியா முதல் என்று ஜோவுக்கும் தெரியவில்லை.

கேற்லின் வந்திருந்தாள். கட்டோடு. மூன்றாம் பேசுக்குப் பக்கத்துக் கோட்டுக்குள் நின்று ஓடுபவர்களுக்கு வழி சொன்னாள். எனக்கு ஆறடி தூரம். ஒன்றரை மணித்தியாலம், என்னோடு ஒரு பேச்சு இல்லை. கடைசியில், நான் யாரையோ தொடத் தவறியபோது, தனக்குச் சொல்வதுபோல: "கிளவ் இன்னும் கீழ."

கையுறையைத் தாழ்த்தினேன். அடுத்தவள் அவுட்.


செப்ரெம்பர் 7, ஞாயிறு

தந்தையர் தினம், இங்கே செப்ரெம்பரில். ஷெரின் அன்ரனுக்குப் பேஸ்போல் தொப்பி வாங்கிக் கொடுத்தாள். கழற்றாமல் சாப்பிட்டார்.

பூசை முடிந்து வெளியே பிலோமினா அன்ரி பிடித்துக்கொண்டா. "றெஜினா, நீ காற்சட்டை போட்டு மண்ணுக்க விழுந்து எழும்புறியாம். உண்மையோ?"

"ஓம் அன்ரி."

"இந்த வயசிலயோ?"

"ஓம்."

சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி: "எத்தினை மணிக்கு? பாக்க வரலாமோ?"


செப்ரெம்பர் 12, வெள்ளி

வேலையில் டெப் ஒரு தாளை நீட்டினார். பெயர்ப் பட்டியல். கேற்லின் முதலாவது, நான் ஒன்பதாவது. என் குடும்பப் பெயர் கோட்டுக்குள் கொள்ளாமல் அடுத்த கட்டத்துக்குள் போயிருந்தது. கையெழுத்து வைத்தேன். பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், இப்போது அந்தப் பேனையால்தான் எழுதுகிறேன்.

நாளைக்குப் பதின்மூன்று.


செப்ரெம்பர் 13, சனி

கேற்லின் இன்று வரமாட்டாள் என்று நினைத்தோம். பத்து மணிக்கு வந்தாள். ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்தாள். தெரிவு பன்னிரண்டு மணிக்கு, நகரத்தின் மற்றப் பக்கம். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் கைபேசியில் நேரம் பார்த்தாள். யாரும் பார்க்காததுபோல எல்லாரும் பார்த்தோம்.

பதினொன்றரைக்குப் பயிற்சி முடிந்தது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கேற்லின் எழும்பி வந்து, "உன்ரை அந்த விளையாட்டைக் காட்டு" என்றாள். எல்லாருக்கும் முன்னால்.

ஜோவின் காரில் ரெனிஸ் பந்துகள் இருந்தன, பள்ளிப் பிள்ளைகளுடையவை. மூங்கில் இல்லை, சாதாரண மட்டை. விதிகளைச் சொன்னேன். ஆளுக்கு எறியலாம் என்ற இடத்தில் எல்லாரும் கேற்லினைப் பார்த்தார்கள். அவள் காலணி நாடாவை ஒற்றைக் கையால் இறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையை ஜக்கெற் பைக்குள் விட்டாள். "எனக்குப் பதிலா ஜோ அடிக்கட்டும். நான் ஓடுறேன்."

அடித்தாள். ஜோவின் பந்து என்னிடமே வந்தது. கேற்லின் எனக்கு முன்னால், பத்தடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறாள். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. எறிய முடியவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

திரும்பி நடந்து வந்தாள். மூச்சு வாங்க, "ஏன் எறியேல்லை?"

"கை வரேல்லை."

"நான் உன்னட்டை இரக்கம் கேக்கேல்லை. விளையாடத்தான் கேட்டேன்."

இரண்டாவது தடவை. ஜோ அடித்தாள். பந்தை எடுத்தேன். எறிந்தேன். இடுப்பில் பட்டது. தொப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து புல்லில் உருண்டது. மற்றவர்கள் கூக்குரல். நான் அவளிடம் ஓடினேன்.

"இது அவுட்டா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கியது.

"விசர் விளையாட்டு, முழுப் பைத்தியம்" என்றாள். சிரிக்கப்போகிறாள் போல இருந்தது. பிறகு கைபேசியை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு பத்து.

"தொடங்கியிருப்பினம்."

அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். அழுதாள். அதிகம் இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நானும் பக்கத்தில் இருந்தேன். தொடவில்லை. மற்றவர்கள் தள்ளி நின்று மெதுவாகப் பந்து பொறுக்கினார்கள். வெயில் நன்றாகச் சுட்டது. ஒரு மணி வரைக்கும் இருந்திருப்போம்.

எழும்பும்போது இடக்கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கிவிட்டேன்.


செப்ரெம்பர் 20, சனி

பயிற்சி ஆட்டம், வேறொரு அணியோடு. கேற்லினுக்கு இன்னும் ஆட முடியாததால் இன்னொரு கழகத்திலிருந்து ஒருத்தியை இரவல் வாங்கி ஒன்பது பேர். பிலோமினா அன்ரி வந்திருந்தா, குடையோடும் வறுத்த கச்சான் கடலையோடும். அன்ரன் தொப்பியோடு. கச்சான் கோதைத் துப்பத் தேவையில்லை, கையால் உடைக்கலாம் என்று அன்ரி எங்கள் வாங்குக்கு விளங்கப்படுத்தினா.

தோல்வி. பதினொன்றுக்கு நாலு.

நான்: மூன்று தடவை அடிக்கப் போய், மூன்று தடவையும் காற்றையே அடித்து அவுட். நாலாவது தடவை பயத்தில் அசையாமல் நின்றேன். நாலு பந்து விலகிப் போயின. நடுவர் முதலாம் பேசுக்கு நடந்து போகச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் நின்றதற்குப் பரிசு. அன்ரன் வேலிக்கு வெளியே நின்று, "எப்பிடி? எப்பிடி?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கேற்லின் போய் அவருக்கு விளங்கப்படுத்தினாள். இருபது நிமிடம். இரண்டு பேரும் கையை ஆட்டி வாதாடினார்கள். கடைசியில் யார் வென்றது என்று தெரியவில்லை.


செப்ரெம்பர் 25, வியாழன்

ஆறு மணிக்கும் வெளிச்சம். காற்றில் யாரோ இறைச்சி சுடும் மணம். 

கேற்லினுக்குத் திங்கட்கிழமை கட்டு அவிழ்த்தாயிற்று. விரல் மெலிந்து, வெளிறி, வேறு யாருடையதோ போல. இன்று முதல் எறி. பத்து மீற்றர், மெதுவாக, இருபது தடவை, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று உடற்பயிற்சி மருத்துவர் சொன்னாராம். ஜோ கையுறையோடு தயாராக நின்றாள். கேற்லின் அவளைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"நானா?" என்றேன்.

"மற்றவையிட்ட இன்னும் ரெண்டு எண்டு கேட்டா விட்டிடுவினம். நீ விடமாட்டாய். உனக்குப் பயம்."

பத்து மீற்றரை நான்தான் அளந்தேன். பதினொரு எட்டு வைத்து, பிறகு ஒன்றைக் குறைத்து.

முதல் பந்து என் காலடியில் விழுந்தது. இரண்டாவது தலைக்கு மேல். ஐந்தாவதிலிருந்து நெஞ்சுக்கு நேரே. தமிழில் எண்ணினேன், ஆங்கிலத்தில் எண்ணினால் குழம்பிவிடும் என்று பயம். ஒன்பதில் முகம் சுளித்தாள். நிறுத்தட்டா என்றேன். தலையாட்டினாள், வேண்டாம் என்று. பதினாலு, பதினைந்து. பதினேழாவது பந்து கையுறைக்குள் பட்டென்று அறைந்தபோது உள்ளங்கை சுர்ரென்றது. அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

"இன்னும் ஒண்டு."

"இல்லை."

"றெஜி. ஒண்டே ஒண்டு."

பந்தைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். பின்னால் வந்துகொண்டேயிருந்தாள்.